காகிதத்துக்குக் கால் இல்லை

டென்வர்
1961 ஜூன் 5

திரு. எபன் டாரன்ட் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. நான் ஃப்ளோரியன் வென்செலின் மகள் லுட்மிலா. மேப்ரி பண்ணையின் தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தோம். ப்ராக்டரை விட்டு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது இங்கே ஒரு நூலகத்தில் வேலை. பழைய நில வரைபடங்கள் இருக்கும் இழுப்பறைகள் என் பொறுப்பில் இருக்கின்றன.

போன மாதம் நம் பக்கத்தின் 1913ஆம் ஆண்டுத் தாள் கைக்கு வந்தது. மேடுகளெல்லாம் பழுப்புக் கோடுகள். எங்கள் வீடு ஒரு கறுப்புச் சதுரம். அதற்கு மேற்கே ஒரு நீலப் புள்ளி. என் தாத்தா கல் கட்டிய ஊற்று அது. பக்கத்தில் "மேப்ரி ஊற்று" என்று அச்சாகியிருக்கிறது.

1934 வறட்சி வழக்கில் இந்தத் தாளைத்தான் மேப்ரி தரப்பினர் நீதிபதி முன் விரித்தார்கள். முதலில் பிடித்தவருக்கே தண்ணீர் என்பது சட்டம்; மேப்ரி முதலில் பிடித்த தண்ணீர் இல்லையென்றால் அரசாங்கத் தாளில் அந்தப் பெயர் எப்படி வரும் என்று கேட்டார்கள். ஊற்று போயிற்று. ஊற்று போன பிறகு மாடு எங்கே நிற்கும்? நாங்களும் நிற்கவில்லை.

இப்போது விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துப் புதிய தாள் தயாராகிறது. பெயரைத் திருத்தச் சொல்லி எழுதினேன். வரைபட அலுவலகத்தின் பதில் இது: 1913இல் பெயர்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட உள்ளூர்க்காரர் எபன் டாரன்ட். அவரே நேரில் வந்து மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள். இல்லையென்றால் பழைய பெயர்தான்.

அப்பாவுக்கு எழுபத்தேழு வயது. படுக்கையில் இருக்கிறார். அந்த ஊற்றின் பெயர் உங்களுக்குத் தெரியும். வென்செல் ஊற்று என்றுதானே எல்லோரும் சொல்வோம்? பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

லுட்மிலா வென்செல்


ப்ராக்டர்
ஜூன் 19

லுட்மிலாவுக்கு எபன் டாரன்ட் சொல்ல, தபால் வண்டி வெர்னா எழுதுவது.

என் கண்ணாடி உடைந்துவிட்டது. புதியது வர நாளாகும். அதனால் வெர்னாதான் என் வேலி வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறாள். அவளுக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

உன்னை எப்படி மறப்பேன்? உன் அம்மா கசகசா பூரணம் வைத்துச் சுடும் கொலாச்சியை இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, எதை முதலில் கடிப்பதென்று தெரியாமல் நிற்பாய். அப்போது உனக்கு மூன்று வயது. நீல கவுன். இடது முழங்காலில் காயம்.

அந்த வரைபடக்காரர் லிண்ட்குவிஸ்ட், ஸ்வீடன்காரர். மேப்ரி வீட்டில் தங்கி அவர்கள் மேசையில் சாப்பிட்டார். மூன்று கால் மேல் நிறுத்திய பலகையில் தாளைக் குத்தி வைத்து, அளவுக் கம்பத்தை என் தோளில் ஏற்றி என்னை மேடு மேடாக ஓட விட்டார். இரண்டு கோவேறு கழுதைகள். ஒன்றின் பெயர் ஜூடித், இடது பின்னங்கால் நொண்டி. உங்கள் ஊற்றுக்கு வந்தது ஜூலை இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை. வெட்டுக்கிளி அதிகம். லிண்ட்குவிஸ்ட் தொப்பியில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "எபன், இந்தத் தண்ணிக்காகவே இங்க ஒரு வீடு கட்டலாம்டா" என்றார்.

பெயர் எழுதுவது அவர் வேலை. நான் கம்பம் பிடித்தவன். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எந்தக் காகிதத்தில் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? உன் அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

எபன் டாரன்ட்


டென்வர்
ஜூலை 3

திரு. டாரன்ட் அவர்களுக்கு,

நொண்டிக் கழுதைக்கு எந்தக் கால் என்று ஞாபகம் இருக்கிறது. என் முழங்கால் காயம் ஞாபகம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது மட்டும் மறந்துவிட்டது.

உங்களுக்கு மறந்ததை நான் சொல்கிறேன். அந்த நீதிமன்றத்தில் மூன்றாவது பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கஞ்சி போட்ட சட்டை போட்டிருந்தீர்கள். உங்களைக் கூண்டில் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. எபன் மாமா வந்துவிட்டார், இனிக் கவலையில்லை என்று அம்மாவின் காதில் சொன்னேன். நீதிபதி கேட்டார், படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று. நீங்கள் ஆமாம் என்றீர்கள். பெயரெல்லாம் சரியாக இருந்ததா என்றார். அதற்கும் ஆமாம்.

எங்கள் வக்கீல் கையில் எதையோ சுருட்டி வைத்துக்கொண்டு எழுந்தார். அப்பா அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் மறுபடி எழுந்தார், அப்பா மறுபடி இழுத்தார். அது ஏனென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் அப்பா பேச்சை மாற்றுவார்.

அதற்குப் பிறகு நாங்கள் ப்ராக்டரில் அடுத்தவன் தண்ணீருக்கு ஆசைப்பட்ட பொய்யர்கள். கடையில் அம்மாவுக்கு யாரும் வழிவிடவில்லை. கொலராடோவில் சர்க்கரைப் பீட் கிழங்கு வயலில் களை வெட்டியே அம்மா செத்துப்போனாள்.

ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, வரைபட அலுவலகத்தின் ஆள் ப்ராக்டர் கடைக்கு வருகிறார். பெயர்களை ஊரார் முன் கேட்டு எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு தாள் அச்சுக்குப் போய்விடும். இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேப்ரி ஊற்று.

கண்ணாடி வந்ததா?

லுட்மிலா வென்செல்


ப்ராக்டர்
ஜூலை 17

லுட்மிலா,

கண்ணாடி உடையவில்லை. சட்டைப் பையில்தான் இருக்கிறது. அது வெறும் கண்ணாடி. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மைல் தூரத்தில் நிற்கும் மாடு யாருடையது என்று இன்றைக்கும் சொல்வேன். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் பையைத் தடவிப் பார்த்து, அடடா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேனே என்று சொல்வதற்காக வாங்கிய கண்ணாடி அது.

எனக்கு வாசிக்கத் தெரியாது.

இதைச் சொன்னதும் வெர்னா பேனாவை நிறுத்திவிட்டாள்.

"இதையும் எழுதணுமா?"

"எழுது. இதுக்குத்தான் உன்னை நிறுத்தினேன்."

"பதினோரு வருஷமா மருந்துச் சீட்டு நான்தானே படிச்சுச் சொல்றேன்? விதை கேட்லாக்கைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, இந்த வருஷம் தக்காளி நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டா தபால் வாங்கவே வர மாட்டீங்க."

அப்படியென்றால் நான் மறைத்தது எனக்கு மட்டும்தான் மறைந்திருந்தது போலிருக்கிறது. உன் விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டின் தொடையில் சுட்ட குறியை நான் வாசிப்பேன், குதிரை மேலிருந்தபடி, ஓடுகிற மாட்டில். இருநூறுக்கு மேல் குறிகள் மனப்பாடம். எழுத்தென்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவைதான். மேப்ரியின் குறி எம், அதன் மேல் ஒரு கோடு. உன் அப்பாவின் குறி வெறும் டபிள்யூ. ஒன்றைக் கவிழ்த்தால் மற்றது. ஆனால் மாட்டில் குழப்பம் வராது. மாட்டுக்குக் கால் இருக்கிறது. கால் இருக்கும் பக்கம் கீழ். காகிதத்துக்குக் கால் இல்லை.

வேலை முடிந்த நாள் லிண்ட்குவிஸ்ட் தாளை வண்டியின் பின்பலகையில் விரித்தார். ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறதோ, தாளிலும் அந்தப் பக்கம் ஓடும்படி திருப்பி வைத்தார். அவருக்கு அது பழக்கம். தெற்குப் பக்கம் நின்று வடக்கைப் பார்த்தார். நான் எதிரே, வடக்கில் நின்று தெற்கைப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேரே உங்கள் நிலம். தாளிலும் நேரே உங்கள் நிலம். மேடு, பள்ளம், உங்கள் வீடு, எல்லாம் அச்சாக அப்படியே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு தாளில் இவ்வளவையும் கொண்டுவர முடியுமா என்று.

"பேரெல்லாம் சரியான்னு ஒரு பார்வை பாத்துடு எபன்" என்றார்.

நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுத்து நீளமாகப் போயிற்று. பெரிய எழுத்து இரண்டு. ஒன்று பாம்பு மாதிரி, எனக்குத் தெரியாதது; ஊற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்', அதன் எஸ் என்று வெர்னா இப்போது சொல்கிறாள். மற்றது டபிள்யூ. மேலே கோடு இல்லை. மேப்ரி என்றால் கோடு இருக்க வேண்டுமே. உன் அப்பாவின் குறி உன் அப்பாவின் தண்ணீர் மேல் இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

"எல்லாம் அதது எடத்துல இருக்குங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நிலம் எனக்கு நேராக இருந்தது, எழுத்து தலைகீழாக இருந்தது. நான் நிலத்தை வாசித்தேன்.

இதுவரை நடந்ததற்கு என்னை நீ முட்டாள் என்று சொல்லலாம். அடுத்ததற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மேப்ரி ஊற்று என்ற சொல் முதல்முறையாக என் காதில் விழுந்தது அந்தக் கூண்டில்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். பெஞ்சுகளைப் பார்த்தேன். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் குதிரை பழக்கிக்கொடுத்தவர்கள், எனக்குப் பெண் பார்த்தவர்கள், என்னிடம் யோசனை கேட்பவர்கள். படித்துப் பார்த்துத்தான் போட்டேன் என்றேன். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது.

உன் அப்பா என்னைப் பொய் சாட்சி என்றே நினைத்திருப்பார். மேப்ரி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று. அது நியாயம்தான். எனக்குக் கையெழுத்து வரையச் சொல்லிக்கொடுத்தவரே அவர், சூட்டுக்கோலின் நுனியால் மண்ணில் எழுதிக் காட்டி. அடுத்த குளிர்காலம் நான் வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்று அவரிடம் ஒரு புளுகு விட்டேன். நம்புவதற்காக உங்கள் மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து உரக்க வாசித்துக் காட்டினேன். ஒமாஹாவில் மாட்டு விலை ஏறியிருக்கிறது, ரயில் பெட்டிதான் கிடைக்கவில்லை என்று வாய்க்கு வந்ததெல்லாம். உன் அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதனால் எனக்கு வாசிக்கத் தெரியும் என்றுதான் அவர் கணக்கு.

இவ்வளவையும் உனக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் பத்தொன்பதாம் தேதி கடைக்கு வரச் சொல்லாதே. எழுபது வயதில் ஊரார் முன் நின்று அதைச் சொல்ல என்னால் ஆகாது. இந்தக் கடிதத்தை அந்த ஆளிடம் காட்டிக்கொள்.

எபன்

இதைச் சொல்லும்போது வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தே நின்றார். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. வெர்னா.


டென்வர்
ஜூலை 29

எபன் மாமா,

கடிதத்தைக் காட்ட முடியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன். நேரில்தான் என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேப்பர் வாசித்த இடம் வந்ததும் அவர் தோள் குலுங்கியது. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

"என்னப்பா?"

"அது செக் பேப்பர் பாப்பா. நம்ம பாஷைப் பேப்பர். மாசத்துக்கு ரெண்டு தடவை தபால்ல வரும். அவன் அதை வச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல செய்தி வாசிச்சான். ஒமாஹா மாட்டுச் சந்தையாம்! உங்கம்மா சிரிப்பை அடக்க முடியாம அடுப்படிக்கு ஓடிட்டா."

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று அப்பாவுக்கு அன்றிலிருந்தே தெரியும், மாமா. அம்மாவுக்கும் தெரியும்.

அப்போதுதான் அப்பா வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. வக்கீல் கையில் சுருட்டி வைத்திருந்தது என்ன என்று கேட்டேன். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். அதுவும் ஒரு செய்தித்தாள்தான். அம்மா கொடுத்தது. "இதை எபன் கையில குடுத்து ரெண்டு வரி வாசிக்கச் சொல்லுங்க, வழக்கு முடிஞ்சுபோகும்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வக்கீல் அதற்காகத்தான் எழுந்தார்.

"ஏன்ப்பா இழுத்து உக்கார வச்சீங்க?"

"ஊரே உக்காந்திருந்துச்சு. அவன் மூஞ்சியைப் பாத்தேன். தண்ணி வேற எங்கயாவது தோண்டினாக் கெடைக்கும்னு நெனச்சேன்."

"கெடைச்சுதா?"

"இல்லை."

அப்பாவை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. உங்களை மன்னிக்க முடியுமா என்றும் தெரியவில்லை. அம்மா இருபது வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. நாங்கள் மூன்று பேர் எங்கள் தண்ணீரைக் கொடுத்து உங்கள் கண்ணாடியைக் காப்பாற்றியிருக்கிறோம். அதில் என்னையும் அம்மாவையும் யாரும் கேட்கவில்லை.

உங்களை வரச்சொல்லி எழுதக்கூடாது என்று அப்பா சொல்கிறார். "அவனை விட்டுடு" என்கிறார். நான் விடப்போவதில்லை. அப்பாவுக்கு இலை உதிரும் வரைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் தேதி கடைக்குப் போங்கள், மாமா.

லுட்மிலா


ப்ராக்டர்
ஆகஸ்ட் 21

லுட்மிலா,

உன் கடிதத்தை வெர்னா வாசித்து முடித்த பிறகு அவளைப் போகச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் தபால் எடுக்க வேலி வாசலுக்குப் போகவில்லை. இருபத்தேழு வருஷமாக உன் அப்பா என்னை மேப்ரி பக்கம் சாய்ந்தவன் என்றே நினைக்கிறார் என்று எண்ணி, அதை ஒரு தண்டனையாக வைத்துக்கொண்டு ஓரளவு நிம்மதியாக இருந்தேன். அதுவும் இல்லையென்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை குதிரையில் போனேன். வெர்னா வண்டியில் கூப்பிட்டாள். பாதி வழியில் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் திரும்புவதற்கு வசதியாகக் குதிரையே இருக்கட்டும் என்றேன். இரண்டு இடத்தில் திருப்பினேன். இரண்டாவது முறை குதிரைக்கே கோபம் வந்துவிட்டது.

கடையில் இருபது பேருக்கு மேல். தபால் நாள், சனிக்கிழமை வேறு. அந்த வரைபட ஆள் மாவு மூட்டைகளின் மேல் பலகை போட்டுத் தாளை விரித்திருந்தான். இளைஞன், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. மேப்ரியின் பேரன் டேல் கதவில் சாய்ந்து நின்றான். நான் இருக்கும் வீடு அவனுடையது என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கண்ணாடியை எடுத்துப் பலகை மேல் வைத்தேன்.

"ஐயா, இதுல எது மேல்?"

"வடக்குதாங்க மேல்."

"வடக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். எழுத்துக்கு எது மேல்?"

அவனுக்குப் புரியவில்லை. அவனுக்கு மட்டும்தான் புரியவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். அன்றும் தெரியாது, வழக்கில் பொய் சொன்னேன், அந்த ஊற்று ஃப்ளோரியன் வென்செலுடையது, அவன் அப்பா கல் கட்டியது, அதை வேறு பெயரில் நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். நிமிர்ந்து சொன்னேன் என்று நீ உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே.

கடைசியில் ஹியூபர்ட் கிளேதான் வாயைத் திறந்தான். என் வயதுக்காரன், வாய்த் துடுக்கு. "அப்புறம் நாப்பது வருஷமா அந்தக் கண்ணாடி எதுக்குடா?"

"உன் மூஞ்சி மங்கலாத் தெரியட்டும்னு."

சிலர் சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. உன் அம்மாவுக்கு வழிவிடாத பெண்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி கூடையை எடுத்துக்கொண்டு, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே போனாள்.

டேல் என்னைப் பார்க்கவில்லை. வரைபட ஆளிடம், "என்ன பேர் வேணா போட்டுக்குங்க. ஊத்து எங்க வேலிக்குள்ளதான் இருக்கும்" என்றான். அவன் சொன்னது உண்மை. திரும்பி வருவது பெயர் மட்டும்தான், லுட்மிலா. தண்ணீர் இல்லை, உன் அம்மா இல்லை.

அந்தப் பையன் ஒரு சீட்டில் எழுதினான். வெர்னாவை உரக்க வாசிக்கச் சொன்னேன். பிறகு கடைக்காரரையும் வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் வென்செல் ஊற்று என்றே வாசித்தார்கள். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேர வெட்கத்துக்குப் பயந்துதான் உங்கள் மூன்று பேருடைய வாழ்க்கையையும் கொடுத்தேன். இதற்கு மன்னிப்பு என்று கேட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஊற்றுக்குப் போனேன். டேலின் மாடுகள் நின்றன. கல் வட்டத்தில் மேற்குப் பக்கம் இரண்டு கல் சரிந்திருந்தது. எடுத்து வைத்தேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டதுதான். இத்தனை வருஷம் குதிரையிலிருந்து இறங்கத் துணிவில்லை.

புதிய தாள் அச்சாகி வர இன்னும் மாதங்கள் ஆகும் என்றான் அந்த ஆள். நீ இதை இன்றே உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. அவருக்கு என் செய்தி இதுதான்: ஃப்ளோரியன், ஒமாஹாவில் மாட்டு விலை ஏறியிருக்கிறது. ரயில் பெட்டிதான் கிடைக்கவில்லை.

கீழே இருப்பது நான் என் கையால் போட்டது. போடுமுன் எது மேல் பக்கம் என்று வெர்னாவிடம் கேட்டுக்கொண்டேன்.

எபன் டாரன்ட்